உள்ளே போகாத தோட்டா

1968இல் அமெரிக்க ராணுவம் தன் படைவீரர்களுக்கென்று ஒரு சித்திரக்கதைப் புத்தகத்தை வெளியிட்டது. முப்பத்திரண்டு பக்கங்கள், சிறிய அளவு, பளிச்சென்ற வண்ணங்கள். எம்16ஏ1 என்ற துப்பாக்கியை எப்படிக் கழற்றுவது, எப்படித் துடைப்பது, எங்கே எண்ணெய் இடுவது, எங்கே இடலாகாது என்பதையெல்லாம் அது சொல்லிக்கொடுத்தது. வரைந்தவர் வில் ஐஸ்னர். 1940இல் ‘ஸ்பிரிட்’ என்ற துப்பறியும் நாயகனைப் படைத்தவர். பின்னாளில், 1978இல், ‘கடவுளுடன் ஓர் ஒப்பந்தம்’ என்ற நூலின் வழியாக வரைகலை நாவலின் முன்னோடியாகக் கொண்டாடப்பட்டவர். ராணுவத்தின் கருவிப் பராமரிப்பு இதழான ‘பிஎஸ்’ஸுக்கு 1951 முதல் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் வரைந்துகொடுத்த அனுபவமும் அவருக்கு உண்டு. கவர்ச்சியான பெண்ணொருத்தி பாடம் நடத்த, துப்பாக்கியைக் காதலியைப் பேணுவதுபோலப் பேணவேண்டும் என்ற தொனியில் செல்கிறது அந்தப் புத்தகம். இன்று படிக்கையில் பல பக்கங்கள் கூசச் செய்கின்றன. பத்தொன்பது வயதுப் பையன்களைப் படிக்கவைக்க வேறு வழி தெரியவில்லை போலும்.

ஐஸ்னரின் வாழ்க்கை வரலாறுகளில் இந்தப் புத்தகம் ஒரு வேடிக்கைத் தகவலாக வந்துபோகும். ஆனால் நாம் கேட்க விரும்பும் கேள்வி வேறு. உலகின் மிகப் பெரிய பணக்கார ராணுவம், போர் உச்சத்தில் இருந்த ஆண்டில், துப்பாக்கியைத் துடைப்பது எப்படி என்று சொல்ல ஒரு சித்திரக்கதைக்காரரை நாடவேண்டிய நிலை ஏன் வந்தது? இந்தக் கேள்விக்கான விடை, பித்தளைக் கூடு ஒன்று இரும்பு அறைக்குள் போவதிலும் வெளியே வருவதிலும் அடங்கியிருக்கிறது. அதை முதலில் புரிந்துகொள்வது நல்லது. இயந்திரங்களில் ஆர்வமில்லாத நண்பர்கள் ஒரே ஒரு பத்தி பொறுத்துக்கொள்ள வேண்டும்.

தோட்டா என்பது நான்கின் சேர்க்கை: பித்தளைக் கூடு, அதன் அடியில் பற்றவைக்கும் பிரைமர், உள்ளே வெடிமருந்து, முனையில் குண்டு. துப்பாக்கிக் குழலின் பின்முனையில், கூட்டின் வடிவத்துக்கு அச்சாகக் கடைந்தெடுத்த ஒரு பகுதி உண்டு. அதுதான் அறை, ஆங்கில வழக்கில் சேம்பர். மேகசினிலிருந்து மேலேறி வரும் தோட்டாவை போல்ட் என்ற உருக்குத் துண்டு முன்னே தள்ளி, அறைக்குள் செலுத்தி, சற்றே சுழன்று பூட்டிக்கொள்கிறது. சுட்டவுடன் கூடு விரிந்து அறையின் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னோக்கிக் கசியாமல் அடைப்பதும் அந்த விரிவுதான். அழுத்தம் தணிந்ததும் பித்தளை இம்மியளவு சுருங்கும். அந்தச் சுருக்கம் நிகழ்ந்த பிறகே போல்ட்டிலுள்ள சிறு கொக்கி கூட்டின் விளிம்பைப் பற்றி வெளியே இழுக்க வேண்டும். அரைத் தானியங்கித் துப்பாக்கியில் இவை அனைத்தும், வெடித்த வாயுவின் ஒரு பகுதியைக் கொண்டே, மனிதக் கை படாமல் நடக்கின்றன. நிமிடத்துக்கு 800 சுற்று வேகத்தில் இயங்கும் ஒரு பொறியில் இந்த முழுச் சுழற்சிக்கும் கிடைக்கும் காலம் ஒரு நொடியில் பதின்மூன்றில் ஒரு பங்கு. கோளாறுகளை இரண்டு வகையாகப் பிரிப்பார்கள்: உள்ளே போகாத தோட்டா, வெளியே வராத கூடு. களத்தில் இவ்விரண்டும் ஒன்றிலிருந்து ஒன்று பிறப்பவை. பழைய கூடு அறையிலேயே தங்கிவிட, கொக்கி அதன் விளிம்பைக் கிழித்துக்கொண்டு வெறுங்கையோடு திரும்ப, அடுத்த தோட்டா போய் அந்தக் கூட்டின் முதுகில் முட்டி நிற்கும்.

அமெரிக்கர்களுக்கு இது முதல் அனுபவமன்று. 1936இல் ஏற்கப்பட்ட எம்1 காரண்ட், ஒரு பெரிய நாட்டின் ராணுவம் தன் காலாட்படை முழுமைக்கும் பொதுவாக்கிய முதல் அரைத் தானியங்கித் துப்பாக்கி. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பிறந்து சிறுவயதிலேயே அமெரிக்காவுக்கு வந்த ஜான் காரண்ட், ஸ்பிரிங்ஃபீல்ட் அரசு ஆயுதசாலையில் பணியாற்றியபடி அதை வடிவமைத்தார். எட்டுத் தோட்டாக்கள் ஒரு தகட்டுப் பிடிப்பில் சேர்ந்து உள்ளே போகும். ஆயிரக்கணக்கில் உற்பத்தி தொடங்கிய பிறகு, 1939 வாக்கில் ஒரு விசித்திரமான புகார் வந்தது. ஆறு தோட்டாக்கள் ஒழுங்காகச் சுடுகின்றன, ஏழாவது சிக்கிக்கொள்கிறது. எப்போதும் ஏழாவதுதான்! காரண்ட் தம் பட்டறையில் கையால் செய்திருந்த மாதிரித் துப்பாக்கிகளில் இக்கோளாறு இருக்கவில்லை. தேடிப் பார்த்ததில், தொழிற்சாலையில் உலோகத்தைக் கடையும் வேலையை எளிதாக்கும்பொருட்டு, தோட்டாவுக்கு வழிகாட்டும் உள்விளிம்பில் ஒரு சிறு பகுதி வெட்டி நீக்கப்பட்டிருந்தது தெரியவந்தது. தேவையற்ற உலோகம் என்று யாரோ எண்ணியது, ஏழாவது தோட்டா நிலைதடுமாறாமல் பிடித்துக்கொண்டிருந்த விளிம்பு. உற்பத்தியைத் திருத்தினார்கள். ஏற்கெனவே செய்துவிட்டவற்றில் பற்றவைப்பின் மூலம் அந்த உலோகத்தைத் திரும்ப ஒட்டவைத்தார்கள். 1940இல் காங்கிரஸ் வரை போட்டித் துப்பாக்கியா காரண்டா என்று விவாதம் சூடாக நடந்தது. ஆனால் அமெரிக்கா போருக்குள் நுழைவதற்குள் எல்லாம் சீராகிவிட்டது. அமைதிக் காலம் அவர்களுக்குத் தந்த அவகாசம் அது. அடுத்த முறை அந்த அவகாசம் கிடைக்கவில்லை, அல்லது கிடைத்த அவகாசத்தை வீணடித்தார்கள்.

அடுத்த முறை என்பது ஏஆர்-15. ஃபேர்சைல்ட் விமான நிறுவனத்தின் சிறு பிரிவான ஆர்மலைட், கலிஃபோர்னியாவில் இயங்கியது. அங்கே யூஜின் ஸ்டோனர் என்ற பொறியாளர் அலுமினியக் கலவையையும் நெகிழியையும் கொண்டு எடை குறைந்த துப்பாக்கிகளை உருவாக்கிக்கொண்டிருந்தார். 1957இல் ராணுவத்தின் ஜெனரல் வைமன் சிறு குண்டும் பெரு வேகமும் கொண்ட ஒரு துப்பாக்கியைக் கேட்க, ஸ்டோனரின் முந்தைய ஏஆர்-10ஐச் சிறிதாக்கி ஏஆர்-15 பிறந்தது. ஒற்றைச் சூடாகவும் தொடர் சூடாகவும் இயங்கும். வாயுவை ஒரு மெல்லிய உருக்குக் குழாய் வழியாக நேரே போல்ட் இருக்கும் உறைக்குள் செலுத்துவது அவருடைய வழி. எடை குறையும், அசைவு குறையும். ஆனால் வெடிமருந்தின் கரியும் அதே குழாய் வழியாக உள்ளே வரும். ஆகவே எந்த வெடிமருந்து என்பது மற்றத் துப்பாக்கிகளைவிட இதற்கு அதிகம் முக்கியம். இந்த ஒரு வரியை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ராணுவத்தின் ஆயுதத் துறைக்கு அந்நியன் செய்த இந்தத் துப்பாக்கி பிடிக்கவில்லை. 1957இல்தான் அவர்கள் தங்கள் சொந்த எம்14ஐ ஏற்றிருந்தார்கள். 1959இல் ஆர்மலைட் தன் உரிமையை கோல்ட் நிறுவனத்துக்கு விற்றுவிட்டது. 1960 ஜூலை 4ஆம் நாள் நடந்த ஒரு விருந்தில், விமானப்படை ஜெனரல் கர்ட்டிஸ் லெமே தர்பூசணிப் பழங்களை இதனால் சுட்டுப் பார்த்து மகிழ்ந்துபோனார் என்பது பலமுறை சொல்லப்பட்ட கதை. வரலாறு சில சமயம் தர்பூசணியில் திரும்புகிறது. விமானப்படை வாங்கியது. 1962இல் ஆயிரம் துப்பாக்கிகள் தென்வியட்நாம் படையினரின் கையில் சோதனைக்காகத் தரப்பட்டு, மிகையான புகழுரையோடு அறிக்கை வந்தது. 1963இல் பாதுகாப்புச் செயலர் ராபர்ட் மக்னமாரா எம்14 உற்பத்தியை நிறுத்த உத்தரவிட்டு, ராணுவத்துக்கு 85,000, விமானப்படைக்கு 19,000 என்று புதிய துப்பாக்கிகளுக்குப் பணித்தார். ஒருமுறை மட்டும் வாங்குவது என்பது அன்றைய எண்ணம். அந்த ஒருமுறையில்தான் எல்லா விபரீதங்களும் நுழைந்தன.

முதலாவது ஒரு பொத்தான். முந்தைய துப்பாக்கிகளான எம்1, எம்14 ஆகியவற்றில் தோட்டா முழுதும் உள்ளே போகாவிட்டால், வீரன் பக்கவாட்டுக் கைப்பிடியைத் தட்டி போல்ட்டை மூடிவிடலாம். ஸ்டோனரின் துப்பாக்கியில் அப்படித் தட்ட எதுவுமில்லை. ராணுவம் அதைச் சேர்த்தே ஆகவேண்டும் என்றது. விமானப்படையோ தங்களிடமுள்ள துப்பாக்கிகளில் அப்படியொரு தேவை எழவே இல்லை என்றது. ஸ்டோனரின் வாதம் எளிமையானது: தானாக உள்ளே போக மறுக்கும் தோட்டாவில் ஏதோ கோளாறு இருக்கிறது. அது நசுங்கியிருக்கலாம், அல்லது அறையில் அழுக்கிருக்கலாம். அதை வலிந்து தள்ளினால் சிறிய சிக்கல் பெரிய சிக்கலாகும். வெளியே எடுத்து எறிந்துவிட்டு அடுத்ததை ஏற்றுவதே முறை. இதில் இரு தரப்பிலும் நியாயம் இருப்பதாகவே நமக்குப் படுகிறது. எதிரி இருபது அடி தொலைவில் நிற்கும்போது, ஒரு தட்டு தட்டிப் பார்க்கலாம் என்ற உரிமை வீரனுக்கு வேண்டியிருக்கிறது. அது உண்மையில் பயன்படுமா என்பது வேறு கேள்வி. மாதக்கணக்கில் வாதிட்டு, கடைசியில் விமானப்படைக்குப் பொத்தான் இல்லாத எம்16, ராணுவத்துக்குப் பொத்தான் வைத்த எக்ஸ்எம்16இ1 என்று இரண்டு வடிவங்கள் செய்யப்பட்டன. துறைகளுக்குள் ஒற்றுமை காண்பதற்காகவே அமைக்கப்பட்ட குழுவின் சாதனை இது. வேடிக்கை என்னவென்றால், பின்னாளில் வியட்நாமில் நிகழ்ந்த பெருங்கோளாறுக்கு இந்தப் பொத்தானால் எந்த உதவியும் செய்ய முடியவில்லை. கூடு அறைக்குள் இறுகிக் கிடக்கையில் முன்னே தள்ளி ஆகப்போவது என்ன?

இரண்டாவது வெடிமருந்து. ஸ்டோனர் தம் துப்பாக்கியை டூபாண்ட் நிறுவனத்தின் ஐஎம்ஆர் 4475 என்ற மருந்தோடு சேர்த்து உருவாக்கியிருந்தார். நுண்ணிய குழல்போல வார்த்து நறுக்கிய துகள்கள் அவை. ராணுவம் தன் விதிமுறையில் குண்டின் வேகம் நொடிக்கு 3,250 அடி என்று எழுதிக்கொண்டது. அந்த வேகத்தை, அனுமதிக்கப்பட்ட அழுத்தத்தைத் தாண்டாமல், பேரளவு உற்பத்தியில் எட்டுவது இந்த மருந்துக்குச் சிரமமாக இருந்தது. வேகத்தைச் சற்றே குறைத்து எழுதியிருந்தால் பிரச்சினை அங்கேயே முடிந்திருக்கும். 1964இல் மருந்தை மாற்றினார்கள். ஒலின் மாத்தீசன் நிறுவனத்தின் உருண்டைத் துகள் மருந்தான டபிள்யூசி 846 வந்தது. அது ராணுவத்துக்குப் பழகிய பண்டம். பழைய வெடிமருந்தைக் கரைத்து மீண்டும் பயன்படுத்தும் வழியாக 1930களில் கண்டறியப்பட்டு, இரண்டாம் உலகப்போரில் பெரிதும் பயன்பட்ட முறை.

மாற்றத்தின் விளைவு உடனே தெரிந்தது. வாயுத்துளையை எட்டும்போது புதிய மருந்தின் அழுத்தம் கூடுதலாக இருந்தது. போல்ட் முன்னைவிட வேகமாகப் பின்னோக்கி ஓடியது. நிமிடத்துக்கு 750 முதல் 850 வரை இருந்த சுழற்சி வேகம் 1,000ஐத் தொட்டது. கூடு சுருங்கி விடுபடுவதற்கு முன்பே கொக்கி இழுக்கத் தொடங்கியது. மருந்தில் அமிலத்தை முறிக்கச் சேர்த்திருந்த கால்சியம் கார்பனேட் வேறு வாயுக்குழாயில் படிந்தது. இனி நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே நம்மை மிகவும் வியக்கவைக்கும் பகுதி. புதிய மருந்தில் சுட்டால் தன் துப்பாக்கிகள் ராணுவம் விதித்த வேக வரம்பைத் தாண்டிவிடும், ஏற்புச் சோதனையில் தேறாது என்று கோல்ட் நிறுவனம் தெரிவித்தது. ராணுவம் தந்த தீர்வு: தொழிற்சாலைச் சோதனைக்கு உருண்டைத் துகள் அல்லாத மருந்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். சோதனையில் ஒரு தோட்டா, போர்க்களத்தில் வேறொரு தோட்டா. தேர்வில் தேறியது துப்பாக்கி, தேர்வு எழுதாதது தோட்டா. மாற்றம் முடிவான பிறகு அதைப் பற்றித் தம்மிடம் கருத்துக் கேட்கப்பட்டதாகவும், தாம் அதை விரும்பவில்லை என்றும் ஸ்டோனர் பின்னாளில் விசாரணைக் குழுமுன் சாட்சியம் அளித்தார்.

மூன்றாவது, அறையின் உட்பூச்சு. பசிபிக் தீவுகளின் ஈரப்பதத்தில் துப்பாக்கிக் குழல்கள் துருவேறுவதை இரண்டாம் உலகப்போரிலேயே அமெரிக்கர்கள் கண்டிருந்தார்கள். அவர்களை எதிர்த்து நின்ற ஜப்பானியரின் டைப் 99 துப்பாக்கியின் குழலுக்குள் குரோமியப் பூச்சு இருந்தது. அந்தப் பாடத்தைக் கற்று எம்14க்கும் குரோமியப் பூச்சு கொடுத்தார்கள். வியட்நாமில் எதிர்த்தரப்பு ஏந்திய கலாஷ்னிகோவ் வகைத் துப்பாக்கிகளிலும் உண்டு. அவற்றின் கூடு பின்னே அகன்று முன்னே குறுகிய வடிவம் என்பதால் நுழைவதும் எளிது, கழல்வதும் எளிது. எம்16இன் கூடோ ஏறத்தாழ நேர்ச்சுவர் கொண்டது. சுத்தமான வழவழப்பான அறையை அது அதிகமாகவே எதிர்பார்த்தது. ஆனால் எம்16இன் அறைக்கு மட்டும் குரோமியப் பூச்சு இல்லை. உலோகத்தில் துரு சிறு குழிகளை அரித்துவிட்டால், சுடும் கணத்தில் பித்தளை விரிந்து அக்குழிகளுக்குள் புகுந்து பிடித்துக்கொள்ளும். பிறகு எந்தக் கொக்கியாலும் ஆகாது.

நான்காவது இன்னும் எளியது. துடைக்கும் பொருள்கள் இல்லை. இந்தத் துப்பாக்கிக்கு அதிகம் துடைப்பு வேண்டாம், அது தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் என்ற பேச்சு எங்கிருந்தோ பரவியிருந்தது. அறையைத் தேய்க்கும் தூரிகை தொடக்கத்தில் போதுமான அளவு அனுப்பப்படவில்லை. துப்புரவுக் கம்பிகளுக்கும் தட்டுப்பாடு. எம்1லும் எம்14லும் பின்கட்டைக்குள்ளேயே துடைக்கும் கருவிகளுக்கு ஓர் அறை இருந்தது. இதில் அதுவும் இல்லை.

1965 நவம்பரில் ஐயா டிராங் பள்ளத்தாக்கில் முதல் குதிரைப்படைப் பிரிவு வடவியட்நாம் படையோடு மோதியது. அங்கே இத்துப்பாக்கி நன்றாகவே செயல்பட்டதென்று களத்தில் நின்ற ஹால் மூர் பாராட்டினார். அவருடைய படையினர் அதில் நீண்ட பயிற்சி பெற்றவர்கள் என்பதை நாம் சேர்த்துச் சொல்லவேண்டும். உடனே வியட்நாமிலிருந்த தளபதி வெஸ்ட்மோர்லண்ட் எல்லாப் படைகளுக்கும் இதை அவசரமாகக் கேட்டார். பயிற்சியும் துடைக்கும் கம்பியும் பின்னே தங்கிவிட, துப்பாக்கிகள் மட்டும் முன்னே பறந்தன. 1966 முழுக்க ராணுவத்திலிருந்து முனகல்கள் வந்தன. 1967 மார்ச், ஏப்ரலில் மரைன் படையினர் தங்களுக்குப் பழகிய எம்14ஐ ஒப்படைத்துவிட்டு எம்16ஐ வாங்கிக்கொண்டார்கள். ஏப்ரல் 24 தொடங்கி மே மாதத்தின் இரண்டாம் வாரம் வரை, கே சான் அருகே 861, 881 என்று உயரத்தின் மீட்டர் கணக்கால் மட்டுமே அழைக்கப்பட்ட குன்றுகளில் போர். 150க்கும் மேற்பட்ட மரைன்கள் மாண்டார்கள்.

அந்தக் குன்றுகளிலிருந்து வீட்டுக்குக் கடிதங்கள் போயின. நியூ ஜெர்சியின் ஒரு நாளேடு 1967 மே மாதத்தில் அவற்றில் ஒன்றை வெளியிட்டது. எழுபத்திரண்டு பேராகக் கிளம்பிய தன் பிளட்டூனில் பத்தொன்பது பேரே திரும்பியதாகவும், அவர்களில் பலரைக் கொன்றது தங்கள் சொந்தத் துப்பாக்கியே என்றும் அந்த இளைஞன் எழுதியிருந்தான். இறந்து கிடந்தவர்கள் பலரின் அருகில், சரிசெய்ய முயன்று பிரித்துப்போட்ட நிலையில் துப்பாக்கிகள் கிடந்தன என்பது அதிலிருந்த செய்தி. அம்மாநிலத்துப் பிரதிநிதி ஜேம்ஸ் ஹோவர்ட் அக்கடிதத்தைக் காங்கிரஸுக்குக் கொண்டுசென்றார். குழலின் முன்வாயில் கம்பியைச் செருகிச் சிக்கிய கூட்டைப் பின்னோக்கித் தள்ளுவதுதான் அன்று அவர்களுக்கிருந்த ஒரே மருத்துவம். நெப்போலியன் காலத்துச் சிப்பாய் தன் துப்பாக்கியில் மருந்தை இடிக்கக் கம்பியைச் செருகியது நம் நினைவுக்கு வருகிறது. ஒரு வேறுபாடு உண்டு. அவனுடைய எதிரியும் அப்போது கம்பியைத்தான் செருகிக்கொண்டிருந்தான்.

எல்லா மரணத்தையும் துப்பாக்கியின் கணக்கில் எழுதுவது சரியன்று. அந்தக் குன்றுகளில் பதுங்கு குழிகளுக்குள் காத்திருந்தவர்கள் தேர்ந்த படையினர். எத்தனை பேர் சிக்கிய கூட்டால் மாண்டார்கள் என்று இனி எவராலும் எண்ணிச் சொல்ல இயலாது. இறந்தவனின் துப்பாக்கி எதைச் சொன்னாலும் அவன் சாட்சி சொல்ல வரமாட்டான். ஆயினும் கடிதங்கள் நின்றபாடில்லை. ஜூலை 21ஆம் நாள் நடந்த ஒரு சண்டையில் தன் கம்பெனியில் சுமார் 40 துப்பாக்கிகள் செயலிழந்ததாக ஒரு லெப்டினன்ட் எழுதிய கடிதம் அக்டோபர் மாதத்தில் ‘வாஷிங்டன் போஸ்ட்’ ஏட்டில் வந்தது. கீழ்நிலை அதிகாரியொருவர் தன் பெயரோடு இப்படி எழுதுவதற்குத் தேவையான துணிவை, கோப்புகளில் கையெழுத்திட்ட மேலதிகாரிகளிடம் எதிர்பார்க்க நமக்கு உரிமை உண்டு.

மேலிடத்தின் முதல் பதில் எதிர்பார்த்ததுதான்: பையன்கள் துப்பாக்கியைத் துடைப்பதில்லை. இது பொய்யுமன்று, முழு உண்மையுமன்று. சேற்றிலும் மழையிலும் துடைக்காத துப்பாக்கி எதுவாயினும் சிக்கும். ஆனால் கம்பியையும் தூரிகையையும் கொடுக்காமல் துடைக்கவில்லை என்று கடிந்துகொள்வது, கிணறில்லாத ஊரில் குளிக்கவில்லையே என்று ஏசுவதைப் போன்றது. மேலும், துருவரித்துக் குழிவிழுந்த அறையை எவ்வளவு துடைத்தாலும் குழி ஆறாது. விழுந்த அறைக்கு மாற்றுக் குழல் ஒன்றே வழி.

1967 மே மாதத் தொடக்கத்திலேயே பிரதிநிதிகள் சபையின் ராணுவக் குழுத் தலைவர் மெண்டல் ரிவர்ஸ் ஒரு துணைக்குழுவை அமைத்திருந்தார். மிசௌரி மாநிலத்து ரிச்சர்ட் ஐக்கார்ட் அதன் தலைவர். போருக்கு எதிரானவரல்லர், ராணுவத்தின்மேல் பகைகொண்டவரும் அல்லர். ஆகவேதான் அவருடைய குழுவின் அறிக்கைக்குக் கனம் அதிகம். குழு தொழிற்சாலைகளைப் பார்த்தது, வியட்நாமுக்கே சென்று படையினரிடம் பேசியது, ஸ்டோனரை அழைத்துக் கேட்டது. அக்டோபரில் வெளியான அறிக்கை கோளாறின் பெரும்பங்கை வெடிமருந்து மாற்றத்தின்மேல் வைத்தது. போதிய சோதனையின்றி மருந்தை மாற்றியது, கோளாறு தெரிந்தபின்னும் அதே தோட்டாவை அனுப்பிக்கொண்டிருந்தது ஆகியவற்றை, குற்றமெனத் தக்க அலட்சியத்தின் எல்லையைத் தொடுவது என்று அது வருணித்தது. ஒரே மருந்து நிறுவனத்தோடு ராணுவத்துக்கிருந்த நெடுநாள் உறவு முடிவைப் பாதித்திருக்குமோ என்ற ஐயத்தையும் எழுப்பியது.

திருத்தங்கள் அதற்கு முன்பே தொடங்கிவிட்டிருந்தன. போல்ட்டின் பின்னோட்டத்தைத் தாங்கும் பஃபரை எடைகூட்டி மாற்றியதால் சுழற்சி வேகம் தணிந்தது. 1967இல் அறைக்குக் குரோமியப் பூச்சு கட்டாயமாயிற்று. சில ஆண்டுகளில் குழல் முழுமைக்கும் அது நீண்டது. பின்கட்டைக்குள் துடைக்கும் கருவிகளுக்கு இடம் செய்தார்கள். வெடிமருந்தில் கால்சியம் கார்பனேட்டைக் குறைத்தார்கள். 1970 வாக்கில் அது டபிள்யூசி 844 என்ற புதிய பெயரில் வந்தது. உருண்டைத் துகளை அவர்கள் கைவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஐஸ்னரின் சித்திரப் புத்தகம் இந்தத் திருத்தங்களின் கடைசி வரிசையில் வருகிறது. துப்பாக்கியும் தோட்டாவும் சரியான பிறகு மிச்சமிருந்தது நம்பிக்கையின்மை. அதைத் துடைக்கும் வேலையை ஒரு கலைஞரிடம் ஒப்படைத்தார்கள். அவர் அதைத் திறம்படவே செய்தார். அதில் எங்கும் ராணுவம் செய்த தவறு பற்றி ஒரு கோடுகூட இல்லை. சிக்கலுக்குக் காரணம் அழுக்கு, தீர்வு உன் கையில் என்பதே அதன் கதைப்போக்கு. கதைசொல்லல் அரசுக்கு எப்படியெல்லாம் உதவுகிறது என்று ஆராய்பவர்களுக்கு இந்த முப்பத்திரண்டு பக்கங்கள் நல்ல தீனி.

யார் குற்றவாளி என்பதில் ஆய்வாளர்கள் உடன்படவில்லை. 1981இல் வெளிவந்த ‘நேஷனல் டிஃபென்ஸ்’ நூலில் ஜேம்ஸ் ஃபாலோஸ், தங்கள் பட்டறையில் பிறக்காத துப்பாக்கியை ஆயுதத் துறை மாற்றாந்தாய் மனத்தோடு நடத்தியதே காரணம் என்கிறார். 1984இல் தாமஸ் மெக்னாகர் இதைச் சதியாகக் காணவில்லை. நிறுவனங்கள் இயல்பாகவே இப்படித்தான் இயங்கும், ஒவ்வொரு பிரிவும் தன் சிறு விதியைக் காத்துக்கொண்டு முழுமையை இழக்கும் என்பது அவர் பார்வை. 2010இல் வந்த ‘தி கன்’ நூலில் சி. ஜே. சிவர்ஸ் பழியை இன்னும் பரவலாக்குகிறார். கோல்ட் நிறுவனத்தின் விற்பனை வேகமும் மக்னமாரா அலுவலகத்தின் அவசரமும் ராணுவத்தின் மூடிமறைப்பும் சேர்ந்தே அதைச் செய்தன என்கிறார். அவர் கலாஷ்னிகோவின் வரலாற்றை எழுதப் போய் இடையில் எம்16 பற்றி எழுதிய பக்கங்களே நூலின் மிக உக்கிரமான பகுதி.

ஃபாலோஸின் கதை படிக்கச் சுவையானது. நல்லவன் கெட்டவன் தெளிவாகத் தெரிகிறார்கள். நாம் மெக்னாகர் பக்கமே சாய்கிறோம், ஒரு திருத்தத்தோடு. 1964 வரை நடந்ததை நிறுவனத்தின் இயல்பு என்று ஏற்கலாம். வேக வரம்பு மீறுகிறது என்று எழுத்தில் அறிவித்த பிறகு, சோதனைக்கு வேறு தோட்டாவைப் பயன்படுத்திக்கொள் என்று அனுமதித்த கணத்தில் அது இயல்பு என்ற எல்லையைக் கடந்துவிடுகிறது. அங்கே ஒரு மனிதன் ஒரு மேசையில் அமர்ந்து, தெரிந்தே ஒரு தாளில் எழுதியிருக்கிறான். காரண்டின் ஏழாவது தோட்டாவுக்குக் காரணமான கடைசல்காரனுக்குத் தன் வெட்டின் விளைவு தெரியாது. இவனுக்குத் தெரியும், அல்லது தெரிந்துகொள்ள விரும்பவில்லை.

அறிக்கைக்குப் பிறகு எவரும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படவில்லை. காரண்டும் எம்14உம் பிறந்த ஸ்பிரிங்ஃபீல்ட் ஆயுதசாலை, 1794 முதல் இயங்கிவந்தது, மக்னமாராவின் உத்தரவுப்படி 1968இல் மூடப்பட்டது. இன்று அது அருங்காட்சியகம். டெட் தாக்குதலுக்குப் பிறகு தென்வியட்நாம் படையினருக்கு லட்சக்கணக்கில் எம்16கள் வழங்கப்பட்டன. அவை குரோமியம் பூசிய அறைகளோடு போய்ச்சேர்ந்தன. 1975இல் அவற்றில் பெரும்பகுதி வெற்றிபெற்றவர்களின் கைக்கு வந்தது.